டெல்லின் மனைவி இறந்த செய்தி படத்துக்குத் தேவைதானா?

டிசம்பர் 9 (ஒரு வாசகரின் கேள்வி)

பனிப்புயலால் வீடு சேர முடியாமல் ஒன்றாக அலைகிற நீல், டெல் என்ற இருவரின் கதையான 'பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' படத்தை நேற்றுத்தான் பார்த்தேன். வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு ஒத்துவரவில்லை. டெல்லின் மனைவி இறந்து எட்டு வருடம் என்று திடீரெனச் சொல்லி நம்மை அழவைப்பது பார்ப்பவனை மடக்குகிற வேலை. அது இல்லாமலே இது நல்ல படம்தானே? வேறு யாருக்காவது இப்படித் தோன்றியதா?

டிசம்பர் 9, இரவு

இல்லை, எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை. அந்தச் செய்தி திடீரென வருவதும் இல்லை. விச்சிட்டா மோட்டலில் ஒரே கட்டிலில் படுக்க வேண்டிய அந்த முதல் இரவை மறுபடியும் பாருங்கள். நீல் தன் எரிச்சலையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான். டெல்லின் முகம் மெல்ல மெல்ல வாடுகிறது. பிறகு அவன் சொல்வது: எனக்கு என்னைப் பிடிக்கும், என் மனைவிக்கு என்னைப் பிடிக்கும், என் வாடிக்கையாளர்களுக்கு என்னைப் பிடிக்கும். 'பிடிக்கும்' என்கிறான், 'பிடித்திருந்தது' என்று சொல்லவில்லை. முதல் தடவை பார்க்கும்போது காதில் விழாமல் போகிற வசனம் அது. இரண்டாம் தடவை கேட்டபோது நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

போகிற இடமெல்லாம் மனைவி மரீயின் படத்தை எடுத்து வைக்கிறான். பனி கொட்டும் இரவில், எரிந்துபோன காருக்குள் தனியாக உட்கார்ந்து அவளோடு பேசுகிறான். எல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கிறது. நீலுக்குத் தெரியாதது போலவே நமக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 10

படம் பார்க்காத இருவர் கதை கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 நவம்பர் 25இல் வந்த படம். மறுநாள் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். நவம்பரின் நான்காவது வியாழன், குடும்பம் முழுவதும் ஒரு மேசையில் உட்கார்ந்து வான்கோழி சாப்பிடும் நாள். பொங்கலுக்கு ஊருக்கு ஓடுகிற நமக்கு அந்த அவசரம் புரியும். எழுதி இயக்கியவர் ஜோன் ஹியூஸ். நீல் பேஜ் விளம்பரத் துறை ஆள், சுத்தமான கோட், கைப்பெட்டி. நடித்தவர் ஸ்டீவ் மார்ட்டின். டெல் கிரிஃபித் குளியலறைத் திரைச்சீலைக்கான வளையங்களை ஊர் ஊராக விற்பவன். நடித்தவர் ஜோன் கேண்டி. நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்கு இரண்டு மணி நேரமளவு பறக்க வேண்டும். பனிப்புயலால் விமானம் சிக்காகோவையும் தாண்டிப் போய் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் இறங்குகிறது. மட்டக்களப்புக்குப் புறப்பட்டவனை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ரயில், அது பழுது. பிறகு பஸ், வாடகைக் கார், கடைசியில் குளிரூட்டிய லொறி.

ஹியூஸ் விளம்பரத் துறையில் வேலை செய்த காலத்தில் அவருக்கே இப்படி நடந்திருக்கிறது. நியூயோர்க்கிலிருந்து சிக்காகோ போகப் புறப்பட்டவர் விச்சிட்டாவில் போய் இறங்கி, வீடு சேர ஐந்து நாள் ஆனது.

டிசம்பர் 10, பின்னேரம்

ஒன்று விட்டுவிட்டேன். அந்தப் பெரிய ட்ரங்குப் பெட்டி. படத்தின் தொடக்கத்தில் டாக்சி பிடிக்க ஓடும் நீலின் கால் அதில்தான் தடுக்குகிறது. கடைசிக் காட்சியில் அதே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். என் கதையிலும் ஒரு சுமை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பெட்டி மனதை விட்டுப் போவதில்லை.

டிசம்பர் 11

அந்தச் சுமை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தையல் மெஷினின் தலை.

2011 ஜனவரி. நாடு முழுவதும் பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட வெள்ளம், அதில் மட்டக்களப்பின் நிலையை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்போது கொழும்பில் வேலை, வெள்ளவத்தையில் அறை. பொங்கல் 15ஆம் திகதி. 12ஆம் திகதி இரவு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனால் கோச்சி மட்டக்களப்பு வரை போகாது என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு தனியார் பஸ்ஸின் கொண்டக்டர் "போகும் போகும், ஏறுங்க" என்று முழுக் காசையும் வாங்கிக்கொண்டு ஏற்றினார். பொலன்னறுவையில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார்கள். மிச்சக் காசு கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஏச்சுத்தான்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் சம்மாந்துறைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சாரத்தால் சுற்றிக் கட்டிய ஒரு பாரத்தை என் கால் பக்கமாக வைத்திருந்தார். பஸ் வளையும் போதெல்லாம் அது என் கணுக்காலில் வந்து இடித்தது. குருநாகல் வரும்வரை பேசினார், குருநாகலுக்குப் பிறகு குறட்டை விட்டார். ஹபரணையில் எழுந்து மறுபடி பேசினார். என்னை எங்கே படித்தாய், என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்று எல்லாம் கேட்டார். நான் இயர்போனைக் காதில் வைத்தேன். அதையும் பார்த்து, "அதுல என்ன தம்பி ஓடுது? எனக்கும் ஒண்டத் தாங்க" என்றார்.

ஒரு காதை அவருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. மீதியைப் பிறகு எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

டிசம்பர் 12

கல்முனை வாசகர் ஒருவர் 'அன்பே சிவம்' பற்றி எழுதியிருக்கிறார். நானும் எதிர்பார்த்ததுதான். அது 2003 பொங்கலுக்கு வந்த படம், எழுதியவர் கமல்ஹாசன், இயக்கம் சுந்தர் சி. புவனேஸ்வர் விமான நிலையம், மழை, வெள்ளம், சென்னைக்குப் போக வேண்டிய இருவர், ஒருவருக்கு மற்றவரைக் கண்டாலே ஆகாது. புறப்படும் இடம் இரண்டு படத்துக்கும் ஒன்றுதான்.

ஆனால் போய்ச் சேருகிற இடம் வேறு. அங்கே நல்லசிவம் தத்துவம் பேசத் தெரிந்தவர். அவருக்கு அன்பரசுவைவிட உலகம் தெரியும். முடிவில் அவராகவே விலகி நடந்து போய்விடுகிறார். டெல்லுக்குச் சொல்ல ஒரு தத்துவமும் இல்லை. வளையம் விற்கத் தெரியும், வாய் ஓயாமல் பேசத் தெரியும். அவனை ஒருவன் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். நல்லசிவத்தை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். டெல்லைப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்க்கிறோம். எனக்கு இரண்டு படமும் வேண்டும், ஆனால் என் பயணத்துக்குக் கிட்ட இருப்பது டெல்லின் படம்.

டிசம்பர் 13

என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. முடிவு தொடக்கத்திலிருந்தே இப்படித் திட்டமிடப்பட்டது என்ற தொனியில் எழுதிவிட்டேன். மனைவி விஷயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது சரி. ஆனால் நாம் பார்க்கிற அந்தக் கடைசிப் பகுதி எடிட்டிங் மேசையில் உருவானது. முதல் வெட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல். அதை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிக்காகோ நகர ரயிலில் நீல் தனியாக உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் நினைத்துச் சிரித்து, பிறகு ஏதோ தட்டுப்பட்டு முகம் மாறுகிறானே, அந்தக் காட்சியில் மார்ட்டின் நடிக்கவே இல்லை. அடுத்த டேக்குக்கான வசனத்தை யோசித்துக்கொண்டு இருந்தவரை, கமரா ஓடுவது தெரியாமலே பிடித்திருக்கிறார்கள். அதை எடுத்து முடிவில் வைத்தார் ஹியூஸ்.

நீல் ரயிலில் திரும்பி வந்த பிறகு நிலையத்தில் டெல் தன் நிலையைச் சொல்லும் இடத்தில் கேண்டிக்கு நீண்ட பேச்சு ஒன்று இருந்ததாகவும், அது வெட்டுப்பட்டதில் தனக்கு இன்றுவரை வருத்தம் என்றும் மார்ட்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது: முடிவு பிறகு கட்டப்பட்டதுதான். ஆனால் எந்தப் பக்கமாகக் கட்டினார்கள் என்று பாருங்கள். அழவைக்கிற பேச்சை வெட்டி எறிந்துவிட்டு, ஒருவன் ரயிலில் சும்மா யோசிப்பதை வைத்திருக்கிறார்கள். மடக்க நினைத்தவர்கள் அந்தப் பேச்சையல்லவா வைத்திருப்பார்கள்?

டிசம்பர் 13, இரவு

பேச்சு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். மார்ட்டினின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கேண்டி அதை எப்படிச் செய்திருப்பார் என்று நினைக்கும்போதே தொண்டை அடைக்கிறது. 1994 மார்ச்சில், 43 வயதில் போய்விட்டார். அந்த மோட்டல் காட்சியில் அவர் முகத்தில் ஓடுவதைப் பேசிக் காட்ட முடியாது என்பதால் வெட்டியது சரி என்றே நினைக்கிறேன். நாளைக்கு மாறினாலும் மாறும்.

டிசம்பர் 15

விட்ட இடத்திலிருந்து.

பொலன்னறுவையில் விடுதி ஒன்றில் ஒரே ஓர் அறைதான் மிச்சம். அந்தச் சம்மாந்துறைக் காக்காவும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் எடுத்தோம். கட்டில் ஒன்று, பாய் ஒன்று. "தம்பி, நீங்க கட்டில்ல படுங்க, எனக்கு முதுகு நிலத்துலதான் சரி" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கட்டிலில் படுத்தேன். இரவு முழுவதும் குறட்டை. விடியும்போது நான் கடுமையாகவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கீழே போய் இரண்டு பிளேன்டீயும் சூடாக ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மன்னம்பிட்டிப் பக்கம் தெரு தண்ணீருக்குள். டிரக்டர் பெட்டியில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ஓரிடத்தில் டிரக்டரும் நின்றது. இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும். அவர் மெஷின் தலையைத் தோளில் தூக்கினார், நாலடி நடந்தார், கால் தடுமாறியது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். வார்ப்பிரும்பு, சாரம் நனைந்து இன்னும் பாரம். "நனைஞ்சாத் துருப்பிடிச்சிரும் தம்பி, கொஞ்சம் உயத்துங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கைத்தொலைபேசியில் தண்ணீர் போனது, செருப்பு ஒன்று போனது. மெஷின் நனையவில்லை.

வெலிக்கந்தையில் ஒரு லொறி, வாழைச்சேனையில் இன்னொன்று. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கும்போது 13ஆம் திகதி இரவு ஒன்பது தாண்டிவிட்டது. தெற்கே போகப் பஸ் இல்லை. மழை விட்டபாடில்லை. எனக்குக் கல்லடி வீடு, பாலம் தாண்டினால் சரி. ஓட்டோ ஒன்று நின்றது. "அப்ப நான் வாறன் காக்கா" என்றேன். அவர் பெட்டிக்கடைத் தாழ்வாரத்தில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்க தம்பி, பொங்கல நல்லாப் பொங்குங்க" என்று கையைப் பிடித்தார்.

நான் ஏறிப் போய்விட்டேன்.

டிசம்பர் 15, சற்று நேரம் கழித்து

வீட்டில் அம்மா துவாயைத் தந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சொன்னேன். "அந்த மனிசன எங்க மனே உட்டுட்டு வந்தாய்?" என்றார். பஸ் நிலையத்தில் என்றேன். அம்மா துவாயைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அண்ணனும் நானும் மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். அப்போது பழைய கல்லடிப் பாலம்தான், 1924இல் கட்டியது. வாகனங்கள் ஒரு பக்கம் நின்று மறுபக்கத்துக்கு வழிவிட வேண்டும். புதுப் பாலம் 2013இல்தான் வந்தது. அக்கரையில் ஒரு லொறி ஏறி வர, நாங்கள் இக்கரையில் காத்து நின்றோம். போய்ப் பார்த்தால் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. காவலுக்கு நின்றவர், கல்முனைப் பக்கம் போகிற மரக்கறி லொறியில் ஏறிப் போனார் என்றார். எங்களுக்கு எதிரே வந்தது அந்த லொறியாகவும் இருக்கலாம்.

பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் 'காக்கா' என்றே கூப்பிட்டேன்.

நீல் திரும்பி வந்தபோது டெல் நிலையத்தில் அதே இடத்தில் இருக்கிறான். கேள்வி கேட்டவருக்கு இது எளிதாகக் கிடைத்த முடிவாகத் தெரிகிறது. எனக்கு அது அப்படி இல்லை.

டிசம்பர் 16

அக்கரைப்பற்றிலிருந்து எழுதியவர் கேட்ட கேள்வி என்னை நேற்றிரவு தூங்கவிடவில்லை: "மெஷின் யாருக்கு என்று அவர் சொல்லவில்லையா?"

சொன்னார். மகளுக்கு. மகள் தையல் பழகி முடித்துவிட்டாள், வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுக்கப் போகிறாள், கொழும்பில் பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தது என்று ஹபரணை தாண்டும்போது சொன்னார். பொலன்னறுவையில் என் தொலைபேசியை வாங்கி, "உம்மாட்டச் சொல்லு, வாறன்" என்று அவளோடு பேசியதும் இப்போது ஞாபகம் வருகிறது.

இத்தனை வருடமாக நான் அவரை வீடு இல்லாத மனிதராக மனதில் வைத்திருந்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து டெல்லின் சட்டையை அவருக்குப் போட்டிருக்கிறேன். அவருக்கு வீடு இருந்தது, காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள், அவசரமும் இருந்தது. அந்த மழையில் லொறி பிடித்து ஏறியது அதற்காகத்தான். அம்மா கூப்பிட்டிருந்தாலும் அவர் எங்கள் வீட்டில் தங்கியிருக்க மாட்டாரோ என்னவோ. ஒரு பிடி சோறாவது தின்றுவிட்டுப் போயிருப்பார்.

நேற்று எழுதியதை அழிக்கவில்லை. அதோடு சேர்த்து இதையும் படியுங்கள்.

டிசம்பர் 16, மதியம்

இதை எழுதிய பிறகு படத்திலும் ஒன்று வேறுமாதிரித் தெரிகிறது. டெல்லின் துக்கம் தெரியவருவதற்கு முன்பே நீல் அவனை ஒரு தடவை உள்ளே அழைத்துவிட்டான். அந்த இரண்டாவது மோட்டல். நீல் பதினேழு டொலரையும் கையில் இருந்த நல்ல கடிகாரத்தையும் கொடுத்து அறை எடுக்கிறான். டெல்லிடம் இரண்டு டொலரும் ஒரு கேசியோவும்தான், அறை கிடைக்கவில்லை. காருக்குள் பனியில் இருக்கிறான். நீல் கதவைத் திறந்து கூப்பிடுகிறான். அந்த நேரம் அவனுக்கு மரீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் காரை எரித்தவன், தன் கடனட்டையால் கார் எடுத்தவன் என்று தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டான். பிறகு இருவரும் குட்டிப் போத்தல்களைத் திறந்து குடித்துச் சிரிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவரே, கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். இந்தக் காட்சியையும் மடக்குகிற வேலை என்பீர்களா?

டிசம்பர் 18

ஒத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார், மோட்டல் காட்சிக்கு மட்டும். கடைசியைப் பற்றி இன்னும் அதே கருத்துத்தான். நல்லது, இருக்கட்டும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வாடகைக் கார் கவுண்டர் காட்சியை மட்டும் கடத்திவிடுங்கள். ஒரே நிமிடத்தில் அந்த ஒரு கெட்ட வார்த்தையைப் பதினெட்டுத் தடவை சொல்கிறான் நீல். அமெரிக்காவில் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ் கிடைத்ததே அதனால்தான். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஓட்டுகிற காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுபக்கக் காரில் போகிறவர்கள் "பிழையான வழியில் போகிறீர்கள்" என்று கத்துகிறார்கள். டெல் கேட்கிறான்: நாம் எங்கே போகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் யார் யாருக்குப் புத்தி சொன்னாலும் இப்போது இதுதான் பதில்.

டிசம்பர் 19

நீலின் மனைவி கடைசியில் டெல்லைப் பார்க்கும் பார்வை ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டவருக்கு: வெட்டுப்பட்ட பகுதிகளில் அவளுக்கு நீல் மேல் சந்தேகம். டெல் என்று ஒரு ஆளே இல்லை, வேறு பெண் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தால் டெல் உண்மையாகவே நிற்கிறான். அந்தப் பகுதி போய்விட்டது, பார்வை மட்டும் படத்தில் தங்கிவிட்டது. 2022இல் வந்த 4கே பதிப்பில் வெட்டிய காட்சிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 26

நேற்று விடுமுறை. ஊரில்தான் இருக்கிறேன், வெளியே மழை. அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன், பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே. கவுண்டர் காட்சியில் சத்தத்தைக் குறைத்தேன். "என்னவாம் இவன்?" என்றார். கார் இல்லையாம், ஏசுகிறான் என்றேன்.

டெல் தன் மனைவி இறந்ததைச் சொல்லும் இடத்தில் அம்மா அழவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எப்போது என்று கேட்டேன். "படத்த எடுத்து வெச்சான்தானே. வீட்டுல ஆள் இருக்கிறவன் ஏன் படத்தக் கொண்டு திரியிறான்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குள் போனார்கள். மனைவி படியிறங்கி வந்தாள். டெல்லின் சிரிப்போடு காட்சி உறைந்து எழுத்து ஓடத் தொடங்கியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"சாப்பாடு குடுத்தாங்களா இல்லையா? அதக் காட்டாமலே முடிச்சிட்டானே."

நான் படத்தை நிறுத்தவில்லை. எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி வரும். நியூயோர்க் அலுவலகத்தில், படத்தின் முதல் காட்சியில் நீலைத் தாமதப்படுத்திய அந்தப் பெரிய மனிதர், அதே விளம்பரப் படங்களைப் பார்த்து இன்னும் முடிவெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் பாதி சாப்பிட்ட விருந்து.

அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு மட்டும் வந்திருக்கு."